கடலூர்க் கரையில் ஒரு பிப்ரவரி

ஐதர் அலி சென்னையைக் கைப்பற்றியிருக்க முடியுமா? இரண்டாம் மைசூர்ப் போரைப் பற்றிப் பேசுவோரிடையே இவ்வினா ஓயாது எழுவதுண்டு. பெரும்பாலோர் 1780 செப்டம்பரையே சுட்டுவர். பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. மன்றோ காஞ்சிபுரத்துக் குளத்தில் பெரும் பீரங்கிகளைத் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அன்றே ஐதர் விரட்டிச் சென்றிருந்தால் கோட்டை வீழ்ந்திருக்கும் என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இனிது, ஏற்பதற்கு அரிது. 1758 டிசம்பரில் அக்கோட்டையை முற்றுகையிட்ட லாலி, இரு மாதங்களில் ஆங்கிலேயக் கப்பல்களைக் கண்டதும் விலக நேர்ந்தது. கடலை அடைக்காமல் சென்னையைப் பணியவைத்தல் இயலாது.

உண்மையான வாய்ப்புக் கடலூரிலேதான் வந்தது. வந்தவாசியில் வென்ற முதிய தளபதி ஐர் கூட், 1781 பிப்ரவரியில் இங்கே சிக்கிக்கொண்டார். சுற்றுப்புற ஊர்களை ஐதரின் குதிரைப்படை வெறுமையாக்கியிருந்தது. சென்னையிலிருந்து கப்பலில் அரிசி வந்தால்தான் படைக்குச் சோறு. கடலிலோ தோர்வ் என்பாரின் பிரெஞ்சுக் கப்பல்கள் நின்றன. ஆங்கிலேயக் கடற்படை மேலைக் கரையில் இருந்தது. தோர்வ் இன்னும் சில வாரங்கள் நின்றிருப்பின், வாள் உருவாமலே கூட்டின் படை பணிந்திருக்கும். ஐதர் வேண்டியும் கேளாமல், பிப்ரவரி 15 அன்று அவர் பாய் விரித்துப் போய்விட்டார். அவரைக் கோழை என்று ஏசுவது எளிது. 1778இல் புதுச்சேரி பறிபோனபின் இக்கரையில் பிரெஞ்சுக்காரர்க்குத் துறையே இல்லை என்பதையும் எண்ண வேண்டும். எனினும், அந்தச் சில வாரங்களுக்காக அவர் துணிந்திருக்கலாம்.

வங்கத்திலிருந்து பியர்ஸ் தரைவழி நடத்திவந்த படை ஆகஸ்டில்தான் சென்னைப் பக்கம் சேர்ந்தது. கூட் வீழ்ந்திருந்தால், அதுவரை சென்னையைக் காக்கக் களப்படை என ஒன்று இருந்திராது. அப்போதும் கோட்டை உறுதியாக வீழ்ந்திருக்கும் எனச் சொல்வதற்கில்லை. பசி அதன் வாயிலில் நின்றிருக்கும் என்பது மட்டும் திண்ணம்.

நெல்லே அப்போரின் நடுப்பொருள் என்பதற்குச் சிதம்பரமும் சான்று. தில்லையைப் பாடிய புலவர் பலர். அதனைப் படைக்களஞ்சியமாக எண்ணிப் பார்த்தவர் அரியர். ஐதரின் படை கோயில் மதிலைக் கோட்டையாக்கி உள்ளே உணவுப்பொருள்களைச் சேர்த்து வைத்திருந்தது. ஜூன் 18இல் கூட் அதனைத் தாக்கித் தோற்றார். ஜூலை 1இல் பரங்கிப்பேட்டையில் அவர் பெற்ற வெற்றியைப் பாடநூல்கள் விரித்துரைக்கும். பதின்மூன்று நாள் முந்தைய தோல்விக்கு ஒரு வரிகூடக் கொடா.

1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் ஐதர் மறைந்தார். 1783 ஜூனில் அதே ஊரில் புஸ்ஸி முற்றுகைக்குள்ளானார். இம்முறை சுஃப்ரேன் கடலை விட்டுக்கொடுக்கவில்லை. ஜூன் 20இல் பொருதினார். ஹியூஸின் கப்பல்கள் சென்னைக்கு ஒதுங்கின. தோர்வ் செய்யாது விட்டதை ஈராண்டுக்கு மேல் கடந்து இன்னொருவர் செய்து முடித்த வேளையில், ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டுவிட்டது என்ற செய்தியோடு ஒரு கப்பல் வந்து சேர்ந்தது.