கதைக்கு ஒரு பள்ளிக்கூடம்

சங்கீதத்துக்குக் குரு உண்டு. நாட்டியத்துக்கு நட்டுவனார் உண்டு. கதை எழுதுவதற்கு மட்டும் சரஸ்வதி நாக்கில் எழுதிவிட்டால் போதும் என்பது நம்மவர் தீர்மானம். புதுமைப்பித்தன் கதைகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் நம் சர்வகலாசாலைகளில் அநேகம். சொந்தமாகக் கதை எழுதி அந்தப் பட்டத்தை வாங்கியவரை நான் சந்தித்ததில்லை.

அமெரிக்காவில், சோளக் கொல்லைகளுக்குப் பேர்போன அயோவா மாகாணத்துச் சர்வகலாசாலை 1922லேயே ஒரு துணிச்சலான காரியம் செய்தது. ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பதிலாகக் கதை, கவிதைகளைக் கொடுத்தும் மேல்பட்டம் பெறலாம் என்று அறிவித்தது. 1936ல் வில்பர் ஷ்ராம் என்பவர் தலைமையில் எழுத்தாளர் பட்டறை முறையாக ஆரம்பமாயிற்று. யுத்தம் முடிந்த பிறகு ராணுவத்தார் பயன்படுத்தும் தகரக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. பாடம் என்ன தெரியுமா? ஒருவர் எழுதிய கதையை மற்றவர்கள் கிழிகிழியென்று கிழிப்பார்கள். எழுதியவர் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். (நம் ஊர் எழுத்தாளர்களில் எத்தனை பேர் இந்தப் பரீட்சையில் தேறுவார்கள்!)

1945ல் தெற்கே ஜார்ஜியாவிலிருந்து ஒரு பெண் அங்கே படிக்க வந்தாள். தலைவர் பால் எங்கிளைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சு அவ்வளவு கொச்சை. கடைசியில் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொன்னார். கதை வகுப்பில் சேரலாமா என்பதுதான் கேள்வி. அவள்தான் பிளானரி ஓ'கானர். 1947ல் சிறுகதைத் தொகுதி ஒன்றைக் கொடுத்தே பட்டம் பெற்றாள். பிற்பாடு உலகம் அவளை வியந்தது, புரியாத அந்தத் தெற்கத்திப் பேச்சைக் கதைகளில் பேச வைத்ததற்காகத்தான்.

1967ல் எங்கிளும் ஹுவாலிங் நீயே என்ற சீன எழுத்தாளரும் அங்கேயே வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு ஒரு திட்டம் தொடங்கினார்கள். 1973ல் நம் அசோகமித்திரன் அதற்குப் போனார். அங்கே வகுப்பு, பரீட்சை ஒன்றும் கிடையாது. தங்க இடமும் எழுத அவகாசமும் உண்டு. ஜெமினி ஸ்டூடியோவில் வருஷக்கணக்காக உழைத்த மனிதருக்கு அதுவே பெரிய வரப்பிரசாதம் அல்லவா? அந்த அனுபவம் 'ஒற்றன்' என்ற நாவலாக வந்தது.

நம் பக்கத்திலும் ஓர் அதிசயம் நடந்தது. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத கி. ராஜநாராயணனை 1989ல் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அவர் கொண்டுபோன மூலதனம் கரிசல் காட்டுப் பேச்சு. அந்தச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தவர் அவர்.

இவ்வளவையும் நினைக்க வைத்தவர் காட்டுப்பள்ளியில் வேலை பார்க்கும் மீனவ இளைஞர் ஒருவர். கப்பல் கட்டும் தளம் வந்தபோது அங்கிருந்த குப்பத்து ஜனங்கள் இடம் பெயர்ந்தார்கள். 2013ல் துறைமுகமும் திறந்தாயிற்று. கதை எழுத எந்தக் காலேஜில் சேரலாம் என்று கேட்டுக்கொண்டு நோட்டுப் புத்தகத்துடன் வந்தார். எல்லாம் சுத்தமான புத்தகத் தமிழ். ஒரு பக்கத்தை மட்டும் குறுக்குக் கோடு போட்டு அடித்திருந்தார். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே நேராகக் கொண்டுவந்து, நடுக்கடலில் மீன் கிடைக்கும் இடத்தைப் பாட்டனார் கண்டுபிடித்த விதம், பாட்டனாரின் பேச்சிலேயே எழுதியிருந்தது. "கொச்சையாக இருக்கிறது ஸார், அதனால்தான்" என்றார்.

அந்தப் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொன்னேன். இரண்டு சொற்களுக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டேன்.