ராஜாஜியும் ஊசியும்

அம்மைப்பால் குத்த வந்தவரைக் கண்டதும், "அம்மனுக்கு ஆகாது" என்று கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் நம் தெருக்களிலும் இருந்தன. பாகிஸ்தானில் போலியோ சொட்டு மருந்து மதத்துக்கு விரோதம் என்று சிலர் தடுத்த செய்தியைப் படிக்கும்போது, "எல்லாம் அறியாமை" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் சென்னையில் ஒரு தடுப்பூசியை எதிர்த்தவர் யார் தெரியுமா? தியாகராய நகரில் குடியிருந்த ராஜாஜி!

1948-இல் கிண்டியில் பி.சி.ஜி. மருந்து தயாரிக்கும் கூடம் ஏற்பட்டது. க்ஷயரோகத்துக்குக் காப்பு என்று தேசமெங்கும் அந்த ஊசியைப் போட ஏற்பாடாயிற்று. ஓய்வு பெற்ற சுகாதாரப் பொறியாளர் ஏ. வி. ராமன் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1955-இல், முதன் மந்திரி பதவியை விட்டு ஓராண்டு கழித்து, ராஜாஜி ஒரு பிரசுரமே எழுதிவிட்டார். சாமி, சாஸ்திரம் என்று அவர் வாதாடவில்லை. சுகமாயிருக்கும் உடம்பில் உயிருள்ள கிருமியைச் செலுத்தலாமா? பலன் நிச்சயந்தானா? ஜனங்களை வைத்துச் சோதனை செய்வது முறையா? இவைதான் அவர் கேள்விகள். மத்திய சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ரித் கௌரோ ஊசியின் பக்கம். பெற்றோர் பாடு திண்டாட்டந்தான். ராஜாஜி சொல்வதைத் தள்ளுவதா, டாக்டர் சொல்வதைத் தள்ளுவதா?

வழக்குக்குத் தீர்ப்பு மேடையில் கிடைக்கவில்லை. செங்கல்பட்டு ஜில்லாவில் கிடைத்தது. 1968-இல் தொடங்கி இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அங்கே ஊசி போட்டார்கள். சிலருக்கு உண்மை மருந்து, சிலருக்கு வெறும் திரவம். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஏழெட்டு வருஷம் காத்திருந்து கணக்குப் பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. 1979-இல் முடிவு வெளியானபோது அதைப் படிக்க ராஜாஜி இல்லை, 1972-லேயே காலமாகிவிட்டார்.

அப்படியானால் அவர் ஜயித்தாரா? பாதிதான். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் க்ஷயத்திலிருந்து அதே ஊசி காப்பாற்றுகிறது என்று வேறு ஆராய்ச்சிகள் காட்டின. இன்றும் பிறந்த குழந்தைக்கு அதைப் போடுகிறார்கள்.

2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வந்தபோது, வாட்ஸப் வதந்தியைப் படித்துவிட்டுச் சென்னையில் நன்றாகப் படித்த பெற்றோரே தயங்கினார்கள். ராஜாஜி தம் பெயரைப் போட்டுக் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல முடிந்தது. வதந்திக்குப் பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. சந்தேகப்படுவது குற்றமல்ல. ஆனால் விடை வந்த பிறகும் காதைப் பொத்திக்கொண்டால், அதற்கு விலை கொடுப்பது நாமல்ல, தொட்டிலில் இருக்கும் குழந்தை. நமக்கு விடை தேடிக் கொடுக்கத்தான் செங்கல்பட்டு ஜனங்கள் தங்கள் கையை நீட்டினார்கள்.