சுவரில் சிக்கிய சொல்

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில் போயிருக்கிறீர்களா? தண்டவாளத்தை ஒட்டிய சுவர்களில் கண்ணில் படும் வார்த்தை, 'ஆண்மைக்குறைவு'! கூடவே ஒரு போன் நம்பர்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பி.காம். படித்தபோது, எஸ்டேட்டில் வேலை பார்த்த நண்பன் ஒருவன் இப்படியொரு சுவரை நம்பினான். மாதாமாதம் லாட்ஜுக்கு வந்துபோகும் வைத்தியர் ஒருவரிடம் மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டினான். அவனுக்கு வியாதி ஒன்றுமே இல்லை. பயம்தான்! இத்தனைக்கும் இந்த மாதிரி விளம்பரங்களுக்குத் தடை போடும் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது.

அது கிடக்கட்டும். ஆண்மை என்றால் உண்மையில் என்ன?

'கேள்' என்றால் உறவு. அதோடு 'மை' சேர்ந்தால் கேண்மை. அதே கணக்கில் 'ஆள்' கூட 'மை' சேர்ந்தால் ஆண்மை. அதாவது, ஆளும் தன்மை. 'ஆண்' கூட 'மை' சேர்ந்தாலும் ஆண்மைதான்! இரண்டு பேர் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி. குழப்பம் இங்கேதான் ஆரம்பம்.

வள்ளுவரைக் கேட்டுப் பாருங்கள். அடுத்தவன் மனைவியை ஆசையோடு பார்க்காமல் இருப்பதுதான் பேராண்மை என்கிறார். போர்க்களத்தில் காட்டும் வீரமும் பேராண்மைதான். ஆனால், அதே எதிரிக்கு ஒரு கஷ்டம் வந்தால் கைகொடுப்பது ஊராண்மை. வீரத்துக்கே அதுதான் கூர்மையாம்! விடாமுயற்சி, தாளாண்மை. பிறருக்கு உதவுவது, வேளாண்மை. பிறந்த குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவது, நல்லாண்மை. எதிலும் லேகியம் இல்லை, கவனித்தீர்களா?

1928-ல் 'குடி அரசு' இதழில் பெரியார் ஒரே போடாகப் போட்டார். பெண்கள் விடுதலை அடைய 'ஆண்மை' அழிய வேண்டும் என்று எழுதினார். தைரியமும் ஆளும் திறமையும் ஆணுக்கே சொந்தம் என்று அந்தச் சொல்லே முத்திரை குத்திவிடுகிறதே என்ற கோபம் அவருக்கு. 'பெண் ஏன் அடிமையானாள்?' புத்தகத்தில் இன்றும் அதைப் படிக்கலாம்.

சுவர் விளம்பரக்காரர்கள் அந்தச் சொல்லை இன்னும் சுருக்கிவிட்டார்கள். குணத்தின் பெயராக இருந்தது, உடம்பின் கவலையாகிவிட்டது. மேனேஜ்மென்ட்டை நாம் 'மேலாண்மை' என்கிறோம். அதற்குள் இருப்பதும் இதே ஆண்மைதான். அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தால் யாரும் வார்த்தையை மாற்றுவதில்லை.

சாயங்காலம் அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். கார்மென்ட்ஸ் கம்பெனியில் ஷிப்ட் முடித்து, டிபன் பாக்ஸோடு ட்ரெயினுக்கு நிற்கும் பெண்கள். பல வீடுகளில் அடுப்பு எரிவதே அவர்கள் சம்பளத்தில்தான். வள்ளுவர் சொன்ன நல்லாண்மை இதோ, பிளாட்பாரத்தில் நிற்கிறது.

எதிர்ச் சுவரில்தான் ஏதோ குறைகிறது!