உயிரணு இடப்பெயர்ச்சியும் கருவின் வடிவாக்கமும்

கருவளர்ச்சியில் உயிரணு இடப்பெயர்ச்சி என்பது, உயிரணுக்கள் தாம் தோன்றிய இடத்தை விட்டுக் கிளம்பி, கருவுக்குள்ளேயே ஊர்ந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நரம்பாகவோ எலும்பாகவோ நிறமியாகவோ நிலைகொள்வதைக் குறிக்கும். உடல் வடிவம் பெறுவதில் உயிரணுக்களின் பெருக்கத்துக்கு உள்ள பங்கைவிட இந்த நகர்வின் பங்கு குறைந்ததல்ல. மலாக்காவின் புக்கிட் காத்தில் வட்டாரத் தோட்டங்களில் கம்பத்துக் கோழி வளர்த்தவர்களுக்கு முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் வழக்கம் தெரிந்திருக்கும். அடைவைத்த நாலாம் ஐந்தாம் நாளில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து பிரியும் சிவந்த நாளங்களும் தெரிந்தால் கரு கூடியிருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் கூமுட்டை. அந்தக் கரும்புள்ளி கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் உள்ளே பெரும் பயணங்கள் பல முடிந்துவிட்டிருக்கும். மஞ்சள் கருவின் மேல் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள வட்டத்தில், முதல் நாளிலேயே உயிரணுக்கள் நடுக்கோட்டை நோக்கித் திரண்டு, அங்கே உள்ளிறங்கி, புதிய அடுக்குகளாகப் பரவுகின்றன. இரண்டாம் நாளில் முதுகுப்புறத் தகடு மடிந்து நரம்புக் குழலாக மூடிக்கொள்கிறது; இதயமும் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அடைகாலம் 21 நாள் என்றாலும் உடலின் அடிப்படை அமைப்பு முதல் சில நாட்களிலேயே தீர்மானமாகிறது.

மரபணுக்களை உடலின் வரைபடம் என்று பள்ளிப் பாடநூல்கள் சொல்வதுண்டு. வீட்டுக்கு வரைபடம் போட்டால் எந்த அறை எங்கே என்று தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். மரபணுத் தொகுதியில் அப்படி ஒரு பக்கம் எங்கும் இல்லை. எதை ஒட்டிக்கொள்ள வேண்டும், எதைக் கண்டால் விலக வேண்டும், எந்தச் சமிக்ஞைக்குச் செவிசாய்க்க வேண்டும் என்ற நடத்தையை மட்டுமே ஒவ்வோர் உயிரணுவும் தன் மரபணுக்களிடமிருந்து பெறுகிறது. வடிவம், அந்த நடத்தையும் அது நிகழும் தளமும் சந்திப்பதால் விளைவது. இதை நிறுவ நல்ல சான்று, நரம்பு முகட்டு உயிரணுக்கள். நரம்புக் குழல் மூடும் விளிம்பில் தோன்றும் இவற்றை 1868-இல் வில்ஹெல்ம் ஹிஸ் கோழிக் கருவில் அடையாளம் கண்டார். இவை அண்டை உயிரணுக்களுடனான பிடிப்பைத் தளர்த்தி, விரல் போன்ற நீட்சிகளை முன்னே நீட்டித் தளத்தைப் பற்றி, பின்பகுதியை இழுத்துக்கொண்டு நகர்கின்றன. முக எலும்புகளில் பெரும்பகுதி, தோலின் நிறமி உயிரணுக்கள், குடலின் நரம்புப் பின்னல், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்த அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி ஆகிய அனைத்தும் இவற்றின் வழிவந்தவை.

இந்தப் பயணம் வழி மாறினால் என்ன ஆகும் என்பதைச் சந்தையிலேயே பார்க்கலாம். மலேசியச் சந்தைகளில் விற்கும் கருங்கோழி, சீனர்கள் மூலிகைச் சூப்பில் போடும் அந்தப் பட்டுக்கோழி, தோல் மட்டும் கறுத்ததல்ல. கத்தி வைத்து அறுத்தால் தசையைச் சூழ்ந்த சவ்வும் எலும்பின் உறையும் உள்ளுறுப்புகளின் மேற்பரப்பும் கருநீலமாக இருக்கும். வெள்ளைத் தூவலுக்கு அடியில் இந்தக் கறுப்பு என்பது முதல்முறை பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும். சாதாரணக் கோழிக் கருவில் நரம்பு முகட்டு உயிரணுக்கள் இரண்டு பாதைகளில் போகின்றன. முதலில் கிளம்புபவை வயிற்றுப்புறமாக இறங்கி நரம்புகளாகின்றன. ஏறத்தாழ ஒரு நாள் கழித்துக் கிளம்பும் நிறமி முன்னோடிகள் தோலுக்கு அடியில் பக்கவாட்டில் பரவுகின்றன. எஃப்ரின் என்ற புரதம் முன்னே கிளம்பியவற்றைப் பக்கவாட்டுப் பாதைக்குள் விடாமல் விலக்குகிறது. பின்னே வரும் நிறமி முன்னோடிகளை அதே புரதம் அந்தப் பாதைக்குள் ஊக்குவிக்கிறது. ஒரே அறிவிப்பை இரு கூட்டம் இரு விதமாகப் படிக்கின்றன. வயிற்றுப்புறப் பாதையிலும் நிறமி முன்னோடிகளைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. பட்டுக்கோழிக் கருவில் அந்தத் தடைப்பொருள்கள் இல்லாத இடங்களில் நிறமி முன்னோடிகள் உள்ளே இறங்கிவிடுகின்றன என்று 2001-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இதற்கு உடனே எழும் மறுப்பு: கருமை பரம்பரையாக வருகிறதே, அப்படியானால் அது மரபணுவில் எழுதப்பட்டதுதானே? எழுதப்பட்டதுதான்; என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. 2011-இல் கண்டறிந்தபடி, கருங்கோழிகளின் 20-ஆம் குரோமோசோமில் எண்டோதெலின்-3 என்ற சமிக்ஞைப் புரதத்துக்குரிய மரபணு அமைந்த பகுதி இரட்டித்திருக்கிறது. சீனப் பட்டுக்கோழி, இந்தோனேசியாவின் ஆயாம் செமானி, வியட்நாமின் கறுப்பு மோங் கோழி, சுவீடனின் கறுப்புக்கோழி ஆகியவற்றில் இதே மாற்றமே காணப்படுகிறது. 2018-இல் புவிசார் குறியீடு பெற்ற மத்தியப் பிரதேசத்து ஜாபுவா கடக்நாத் கோழியும் இதே வகைக் கருமை உடையது. எண்டோதெலின்-3 நிறமி முன்னோடிகளைப் பெருகவும் பிழைத்திருக்கவும் தூண்டும் ஒரு சமிக்ஞை. அதன் அளவு கூடியதுதான் மாற்றம். எலும்புறையைக் கறுப்பாக்கு, குடலைக் கறுப்பாக்கு என்று அங்கே எந்தக் கட்டளையும் இல்லை. உயிரணுக்கள் எங்கெங்கே போய்ச் சேர முடிந்ததோ அங்கெல்லாம் கருமையும் போய்ச் சேர்ந்தது.

உயிரணுக்கள் உண்மையிலேயே பயணம் செய்கின்றனவா, அல்லது வளரும் திசு இழுத்துக்கொண்டு போகிறதா என்ற ஐயத்துக்குப் பிரான்சின் நிக்கோல் லெ துவாரேன் விடை கண்டார். காடை உயிரணுவின் உட்கருவில் குரோமாட்டின் அடர்த்தியாகத் திரண்டிருப்பதால், சாயமேற்றிய திசுவில் அதைக் கோழி உயிரணுவிலிருந்து எளிதில் பிரித்தறியலாம். 1969-இல் இதை அறிவித்த பிறகு, அவர் காடையின் நரம்புக் குழல் துண்டுகளைக் கோழிக் கருவில் பதித்து, காடை உயிரணுக்கள் எங்கெல்லாம் போகின்றன என்று தேடினார். பதித்த இடத்திலிருந்து தொலைவில் இருந்த கோழித் திசுக்களுக்குள்ளும் அவை நுழைந்திருந்தன. இன்னொரு சோதனை என் வாதத்துக்கு மேலும் நெருக்கமானது. அட்ரினல் சுரப்பிக்குப் போகவேண்டிய உடற்பகுதி முகட்டு உயிரணுக்களை எடுத்துக் கழுத்துப் பகுதியில் வைத்தபோது, அவை அங்கிருந்து குடலுக்கு இறங்கிக் குடல் நரம்புகளாயின. போன வழியும் சேர்ந்த இடமும் அவற்றின் கதியை மாற்றிவிட்டன.

இந்த வாதத்துக்கு வலுவான எதிர்ச்சான்று முகத்திலிருந்து வருகிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 1983-இல் ட்ரூ நோடன், தாடைக்குரிய முகட்டு உயிரணுக்களை அதற்கு அடுத்த தொண்டை வளைவுக்குரிய இடத்தில் பதித்தபோது அங்கே இரண்டாவது தாடை முளைத்தது. 2003-இல் ஷ்னைடரும் ஹெல்ம்ஸும் காடைக்கும் வாத்துக்கும் இடையே முகட்டு உயிரணுக்களை மாற்றிப் பதித்தனர். அலகு, உயிரணு தந்த பறவையினுடையதைப் போல வளர்ந்தது. போன இடத்தில் கற்றுக்கொள்வதாயிருந்தால் வாத்தின் முகத்தில் காடை அலகு எப்படி வரும்? நோடனின் முடிவுக்கு 2002-இல் வேறு விளக்கம் கிடைத்தது: ஒட்டிய துண்டோடு நடுமூளை எல்லையின் சமிக்ஞைத் திசுவும் சேர்ந்து போயிருந்தால் இத்தகைய விளைவு வரும். காடை அலகுக்கு அப்படித் தப்பிக்க வழியில்லை. உயிரணுக்கள் தம் இனத்தின் கால ஒழுங்கையும் வளர்ச்சி வேகத்தையும் சுமந்து செல்கின்றன என்று ஒப்புக்கொள்ள வேண்டும். காடை 17 நாளில் பொரிக்கிறது, வாத்து 28 நாளில். வேகமான கடிகாரம் கொண்ட உயிரணுக்கள் சுற்றுத்திசுவையும் தம் வேகத்துக்கு இழுத்துவிடுகின்றன. ஆகவே உயிரணு வெறுங்கையோடு பயணம் போவதில்லை. ஆனால் அது கொண்டுபோவதும் நடத்தைதான்: எப்போது தொடங்குவது, எவ்வளவு பெருகுவது என்ற விதிகள்.

தாவரங்களில் உயிரணு நகர்வதே இல்லையே என்பதும் நியாயமான கேள்வி. மலாக்காவின் தோட்டங்களை நிறைத்திருக்கும் செம்பனையில் உயிரணுக்கள் சுவரால் அண்டையோடு ஒட்டிக் கிடக்கின்றன. புதுச் சுவர் எத்திசையில் எழுகிறது, உயிரணு எப்பக்கம் நீள்கிறது என்பதே வடிவத்தைத் தருகிறது. எனவே இடப்பெயர்ச்சி விலங்குகளின் வழி, எல்லா உயிர்க்கும் பொதுவிதி அல்ல. வரைபடக் கருத்துக்கு இங்கும் ஆதரவில்லை. திசு வளர்ப்பில் உண்டாக்கிய செம்பனைகள் சிலவற்றில் மலட்டு மகரந்தத்தாள்கள் சூலகம்போல் மாறி, பழத்தைச் சுற்றிக் கூடுதல் சதை இதழ்கள் வளரும். குலையின் எண்ணெய் குறையும், சில குலைகள் முழுதும் வீணாகும். மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2015-இல் காரணத்தைக் கண்டார்கள்: மலர் மரபணு ஒன்றினுள் இருக்கும் கர்மா என்ற துண்டு தன் மீத்தைல் குறிகளை இழந்திருந்தது. மரபணு எழுத்து ஒன்றும் மாறவில்லை, பழத்தின் வடிவம் மாறிவிட்டது.

மனிதரிடமும் இந்தப் பயணம் பாதியில் நிற்பதுண்டு. கருவின் நாலாம் வாரத்தில் முகட்டு உயிரணுக்கள் முன்குடலில் நுழைந்து ஏழாம் வாரத்துக்குள் கடைசிவரை போய்ச் சேர வேண்டும். வழியிலேயே அவற்றின் எண்ணிக்கை குறைந்தாலோ அவை முன்கூட்டியே நரம்பாக முதிர்ந்துவிட்டாலோ பெருங்குடலின் கடைப்பகுதி நரம்பில்லாமல் நின்றுவிடும். 1886-இல் டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் விவரித்த இந்த நோய், சுமார் 5,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. அறியப்பட்ட மரபணுக் காரணங்களில் ரெட் என்ற மரபணுவின் பழுதே முதன்மையானது. சிலரிடம் எண்டோதெலின்-3 அல்லது அதன் ஏற்பியில் பழுது. அச்சிலருக்கு நெற்றியில் வெள்ளை முடிக்கற்றையும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்தே வருவதுண்டு, ஏனெனில் முடிக்கும் உட்காதுக்கும் போகவேண்டிய நிறமி உயிரணுக்களும் குறைந்துபோகின்றன. கோழியில் மிகுந்து எலும்புறையைக் கறுப்பாக்கிய அதே சமிக்ஞைதான் இது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தை முதல் கரும்பச்சை மலத்தை வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் கழித்துவிடும். 48 மணி நேரமாகியும் கழியாவிட்டாலோ, வயிறு உப்பினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நரம்பில்லாத பகுதியை நீக்கிக் குடலை இணைக்கும் அறுவை சிகிச்சை 1948 முதல் நடைமுறையில் இருக்கிறது.