அருங்காட்சியகத்து மனிதர்கள்: அறிபுனைத் தொடர்களில் புனைபண்பாடும் அறச்சிக்கலும்

1911 ஆகஸ்ட் 29 அன்று கலிஃபோர்னியாவின் ஓரோவில் நகருக்கு வெளியே, ஓர் இறைச்சிக்கூடத்தின் அருகில், பசியால் நலிந்த நடுவயது மனிதர் ஒருவர் பிடிபட்டார். யாஹி மக்களில் எஞ்சியிருந்த கடைசி மனிதராக அவர் கருதப்பட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெள்ளைக் குடியேறிகள் நடத்திய படுகொலைகளில் அம்மக்கள் ஏறக்குறைய முற்றாக அழிந்துபோயிருந்தனர். கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மானிடவியலாளர் ஆல்ஃபிரெட் குரோபரும் அவருடைய துறையினரும் அவரைச் சான்பிரான்சிஸ்கோவுக்கு அழைத்துவந்து, பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே தங்கவைத்தனர். அந்நியரிடம் தம் பெயரைச் சொல்வது யாஹி வழக்கத்தில் இல்லை. எனவே குரோபர் அவருக்கு ‘இஷி’ என்று பெயரிட்டார். யானா மொழியில் ‘மனிதன்’ என்பது அதன் பொருள். அங்கு அவர் துப்புரவு உதவியாளராகச் சம்பளம் பெற்றார். பார்வையாளர்கள் முன்னிலையில் அம்புமுனை செதுக்கியும் தீ கடைந்தும் காட்டினார். தம் மக்களின் பண்பாட்டைக் காட்சிப்பொருளாக நிகழ்த்திக்காட்டுவதே அவருடைய வாழ்வாயிற்று.

எழுபது ஆண்டுகள் கழித்து, 1981இல், ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ தொடரின் நான்காம் நாவலான ‘காட் எம்பரர் ஆஃப் டியூன்’ வெளிவந்தது. முதல் நாவலில் பேரரசையே வீழ்த்திய ஃபிரெமென் என்னும் பாலைவன மக்கள், ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்குப் பின் நிகழும் இக்கதையில் ‘அருங்காட்சியக ஃபிரெமென்’ என்ற பெயருடன் வாழ்கின்றனர். முன்னோரின் சடங்குகளை அவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர். அச்சடங்குகளுக்குக் காரணமாயிருந்த தண்ணீர்ப் பஞ்சமோ, அலைந்து திரிந்த வாழ்வோ, எதிரியோ அவர்களுக்கு இப்போது இல்லை.

இவ்விரு காட்சிகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டென நிறுவ வேண்டியதில்லை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, அறிபுனைப் பெருந்தொடர்களைப் பற்றிய பழகிப்போன கூற்று ஒன்று போதாமல் போகிறது. இத்தொடர்களின் அறச்சிக்கல் அவற்றின் நாயகர்கள் முழு நல்லவராகவோ முழுத் தீயவராகவோ இல்லாமையில் இருப்பதாகத் திறனாய்வுகள் திரும்பத்திரும்பக் கூறுகின்றன. ஆனால் இத்தொடர்களின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், சிக்கல் வேறோர் இடத்தில் தொடங்குவது தெரியும். வேற்றுக்கோள் மக்களைப் புனைய, எழுத்தாளர்கள் இப்பூமியில் வெல்லப்பட்ட மக்களைப் பற்றிய ஆவணங்களிலிருந்து கடன் வாங்கினர். அக்கடனை அவர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே அறக்கேள்வி. அந்தப் பதிலைப் பெரும்பாலும் தொடரின் பிற்காலப் பகுதிகளிலேயே காணமுடிகிறது.

*

அண்டப் பேரரசுகளைப் பற்றிய கதைகள் தொடக்கத்திலேயே இக்கேள்வியை எழுப்பவில்லை. 1942 முதல் 1950 வரை இதழில் வெளிவந்து, 1951–53இல் மூன்று நூல்களான ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ கதைகள், எட்வர்ட் கிப்பனின் ரோமப் பேரரசு வரலாற்றைப் பின்புலமாகக் கொண்டவை. வீழ்ச்சியும் மீட்சியும் அங்கே கணக்கிடத்தக்க விதிகளாகின்றன. கோள்கள் பலவாயினும் பண்பாடுகள் பலவல்ல. உணவு, மணமுறை, துக்கம், தெய்வம் ஆகியவற்றில் ஓர் உலகுக்கும் மற்றோர் உலகுக்கும் உள்ள வேறுபாடு மெல்லியது. வரலாறு அங்கே மையத்திலிருந்து விளிம்பை நோக்கியே எழுதப்பட்டது.

1960களில் இப்பார்வை இடம்பெயர்ந்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் குடியேற்ற ஆட்சிகள் முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. வெல்லப்பட்டோரின் பக்கத்திலிருந்து பேரரசு எவ்வாறு தோன்றும் என்ற வினா, வரலாற்றுத் துறையைப் போலவே புனைகதைக்குள்ளும் நுழைந்தது.

*

1957இல் ஹெர்பர்ட் ஓர் இதழ்க் கட்டுரைக்காக ஆரிகன் மாநிலத்தின் ஃபுளோரன்ஸ் நகருக்கருகில் உள்ள மணற்குன்றுகளைப் பார்வையிட்டார். சாலைகளையும் கட்டடங்களையும் மூடிவந்த மணலைப் புல் நட்டு நிலைநிறுத்தும் முயற்சியில் அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறை ஈடுபட்டிருந்தது. அக்கட்டுரை வெளிவரவில்லை. ஆனால் ஒரு பாலைவனத்தையே திட்டமிட்டு மாற்றமுடியும் என்ற எண்ணம் அவரிடம் தங்கிவிட்டது. அதற்குரிய மக்களை உருவாக்க அவர் நூல்களை நாடினார். அவற்றுள் முதன்மையானது லெஸ்லி பிளாஞ்ச் 1960இல் வெளியிட்ட ‘தி சேபர்ஸ் ஆஃப் பாரடைஸ்’. காக்கேசிய மலைகளில் ரஷ்யப் பேரரசுக்கு எதிராக 1834 முதல் 1859 வரை போரை நடத்திய இமாம் ஷாமிலின் வரலாறு அது. ‘சகோப்சா’ என்ற மறைமொழியின் பெயர், குருதிப்பகையைக் குறிக்கும் ‘கன்லி’ என்ற சொல், ஃபிரெமென் குடியிருப்பைக் குறிக்கும் ‘சீச்’ முதலியன அந்நூலின் பக்கங்களிலிருந்து டியூனுக்குள் வந்தன. அரபுச் சொற்களும் மஹ்தி பற்றிய எதிர்பார்ப்பும் இவற்றோடு கலந்தன.

1963 முதல் 1965 வரை ‘அனலாக்’ இதழில் இரு தொடர்களாக வந்த இக்கதையைப் பல பதிப்பகங்கள் நிராகரித்தன. இறுதியில், வாகனப் பழுதுபார்ப்புக் கையேடுகளால் அறியப்பட்ட சில்டன் நிறுவனம் 1965இல் அதை நூலாக்கியது.

கடன் வாங்கப்பட்ட வரலாற்றில் ஹெர்பர்ட் செய்த முக்கியமான மாற்றம் சொற்களில் இல்லை, முடிவில் இருக்கிறது. ஷாமில் 1859இல் குனிப் மலைக்கோட்டையில் சரணடைந்தார். அடுத்த சில ஆண்டுகளில் மேற்குக் காக்கேசியாவின் சர்க்காசிய மக்கள் பெருந்திரளாகத் தாய்நிலத்திலிருந்து உதுமானியப் பேரரசுக்கு வெளியேற்றப்பட்டனர். டியூனிலோ ஒடுக்கப்பட்டோர் வெல்கின்றனர். அந்த வெற்றியே அவர்களை அழிக்கிறது.

இந்த அழிவுக்கான விதையை ஹெர்பர்ட் முதல் நாவலிலேயே இட்டுவைத்தார். பெனி ஜெஸரிட் என்னும் பெண்கள் சங்கம், பிற்காலத்தில் தன் உறுப்பினர்களுக்குப் பயன்படட்டும் என்று, பல கோள்களின் மக்களிடையே தீர்க்கதரிசனக் கதைகளை முன்கூட்டியே பரப்பிவைத்திருக்கிறது. ஃபிரெமென் எதிர்பார்க்கும் மீட்பர் இவ்வாறு விதைக்கப்பட்டவர். ஒரு மக்களின் நம்பிக்கைகளைக் கற்றறிந்து, அவ்வறிவையே அவர்களை ஆளும் கருவியாக்குவது குடியேற்ற ஆட்சிகளின் வரலாற்றில் நன்கறியப்பட்ட செயல். இளம் நாயகன் பால் அட்ரெய்டீஸ் அந்தக் கதையின் போலித்தன்மையை அறிந்திருந்தும் உயிர்பிழைக்க அதைப் பயன்படுத்துகிறான். தன் நண்பனும் ஃபிரெமென் தலைவனுமான ஸ்டில்கர், தன் கண்ணெதிரே வெறும் பக்தனாகக் குறைந்துபோவதை உணரும்போது அவன் வருந்துகிறான். ஆயினும் நிறுத்தவில்லை.

வாசகர் பலர் முதல் நாவலை வெற்றிக்கதையாகவே வாசித்தனர். இரண்டாம் நாவலான ‘டியூன் மெசையா’வை அனலாக் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் ஏற்க மறுத்தார், அது 1969இல் ‘கேலக்ஸி’ இதழில் வெளிவந்தது. அதில் பால், தன் பெயரால் நடந்த புனிதப்போரில் 6,100 கோடிப் பேர் மாண்டதாகத் தானே கணக்குச் சொல்கிறான். முதல் நாவலில் கனவாகவும் அச்சமாகவும் இருந்தது இங்கே எண்ணாக நிற்கிறது.

எண்ணைவிட ஆழமானது பசுமையின் கதை. பாலைவனத்தைச் சோலையாக்குவது ஃபிரெமென் மக்களுக்கு வெளியிலிருந்து திணிக்கப்பட்ட ஆசையாக நிற்கவில்லை. கோளியலாளர் ஒருவர் காட்டிய கனவைத் தலைமுறைகளாகத் தண்ணீர் சேமித்து அவர்கள் தமதாக்கிக்கொண்டனர். அடுத்தடுத்த நாவல்களில் அக்கனவு நிறைவேறுகிறது. நீர் பரவ, மணற்புழுக்கள் மறைகின்றன. பாலை மறைய, பாலைக்குரிய ஒழுக்கம் பொருளிழக்கிறது. எஞ்சுவது அருங்காட்சியகம். ஆரிகன் கடற்கரையிலும் இதையொத்த திருப்பம் நேர்ந்தது. மணலைக் கட்டுப்படுத்த நடப்பட்ட ஐரோப்பியப் புல் கட்டுமீறிப் பரவி, இயல்பான மணற்குன்றுகளையே குறைத்துவிட்டது. இன்று அதே புல்லை அகற்றிக் குன்றுகளை மீட்கும் பணி அங்கு நடைபெறுகிறது.

ஹெர்பர்ட்டின் எல்லையும் இங்கேயே புலப்படுகிறது. மீட்பர்களை நம்பாதீர் என்று அவர் எச்சரித்தார். ஆனால் அந்த எச்சரிக்கையின் மையத்தில் மீட்பனின் துயரமே நிற்கிறது. தமக்கு நேர்ந்ததைப் பற்றி ஃபிரெமென் மக்கள் தம்முள் என்ன பேசிக்கொண்டனர் என்பதைத் தொடர் அரிதாகவே காட்டுகிறது. அவர்களின் அழிவைக்கூட அட்ரெய்டீஸ் குடும்பத்தாரின் கண்வழியாகவே வாசகர் பெரிதும் காண்கின்றனர்.

*

ஆல்ஃபிரெட் குரோபரின் மகள் 1929இல் பிறந்தார். இஷி 1916இலேயே காசநோயால் இறந்துவிட்டார். ஆகவே மகள் அவரைக் கண்டதில்லை. ஆனால் தாய் தியோடோரா குரோபர் 1961இல் வெளியிட்ட ‘இஷி இன் டூ வேர்ல்ட்ஸ்’ நூல் அம்மனிதரின் கதையை உலகறியச் செய்தது. மகளின் பெயர் அர்சுலா கே. லெ குவின். 1966 முதல் அவர் எழுதிய ஹைனிஷ் தொடர் நாவல்களில் மீண்டும் மீண்டும் வருவோர் பேரரசரோ படைத்தலைவரோ அல்லர்; தூதர், இனவரைவியலாளர், பார்வையாளர் ஆகியோரே.

1969இல் வெளிவந்த ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ ஓர் அறிக்கையின் வடிவில் அமைந்தது. இடையிடையே தொன்மங்களும் களக்குறிப்புகளும் வருகின்றன. நிலையான ஆண்-பெண் பால் வேறுபாடு இல்லாத கெதன் கோளுக்கு வரும் தூதர் கென்லி ஐ, தமக்கு உண்மையாக உதவும் எஸ்ட்ராவெனை நெடுங்காலம் நம்ப மறுக்கிறார். எஸ்ட்ராவெனிடம் தாம் பெண்மை என்று கருதும் இயல்பு தென்படுவதும் அவநம்பிக்கைக்கு ஒரு காரணம். பிழை பார்க்கப்படும் பண்பாட்டில் இல்லை, பார்ப்பவரின் கண்ணில் உள்ளது என்பதை அவர் உணரும்போது காலம் கடந்துவிடுகிறது.

வியட்நாம் போர்க்காலத்தில் எழுதப்பட்டு 1972இல் வெளிவந்த ‘தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்’ இன்னும் கடுமையானது. காட்டை வெட்டி மரமாக ஏற்றுமதி செய்யும் பூமியினர், கொலையை அறியாத ஆத்ஷிய மக்களை அடிமைகளாக்குகின்றனர். மானிடவியலாளர் லியுபோவ் அம்மக்களை நேசிக்கிறார், செல்வர் என்னும் ஆத்ஷியரின் நண்பராகிறார், மொழியைக் கற்கிறார், அறிக்கை எழுதுகிறார். அவருடைய நல்லெண்ணம் எதையும் தடுப்பதில்லை. மனைவியைப் பூமியினரின் வன்முறைக்குப் பலிகொடுத்த செல்வர் கிளர்ச்சிக்குத் தலைமையேற்கிறார்; அவர்களது தாக்குதலில் லியுபோவும் இறக்கிறார். ஆத்ஷிய மொழியில் தெய்வம், மொழிபெயர்ப்பாளர் என்னும் இரு பொருளும் ஒரே சொல்லுக்கு உண்டு: கனவிலிருந்து புதியதொன்றை உலகுக்குக் கொண்டுவருபவரே தெய்வம். செல்வர் கொண்டுவந்தது கொலை. பூமியினர் வெளியேறுகின்றனர், கொல்லத் தெரிந்துகொண்ட அறிவு வெளியேறுவதில்லை. விடுதலை நியாயமானது, அதன் விலை மீளப்பெற முடியாதது என்ற இரண்டையும் நாவல் ஒருசேர ஏற்கிறது. கணக்கைச் சொல்பவரும் செல்வரே. ஃபிரெமென் மக்களுக்குக் கிட்டாத குரல் ஆத்ஷியருக்குக் கிட்டியது இவ்வாறே.

லெ குவினும் கடனிலிருந்து விடுபட்டவரல்லர். கெதன் மக்களை ஆண்பாற் சொல்லால் சுட்டியதற்காகப் பெண்ணிய வாசகர்கள் அவரைக் கண்டித்தனர். 1976இல் எழுதிய கட்டுரையில் அவர் அத்தேர்வுக்கு வாதாடினார். பின்னர் 1980களில் அதே கட்டுரையை, பழைய வாதத்தை அழிக்காமல், அதற்கருகிலேயே மறுப்புக் குறிப்புகளைச் சேர்த்து மீண்டும் வெளியிட்டார். கெதனைப் பற்றிய ‘விண்டர்ஸ் கிங்’ சிறுகதையை 1975 தொகுப்புக்காகப் பெண்பாற் சொற்களால் திருத்தினார். 1995இல் வெளிவந்த ‘ஃபோர் வேஸ் டு ஃபர்கிவ்னெஸ்’ நூலில், அடிமைத்தளையை உடைத்து விடுதலைபெற்ற யேயோவே கோளில், பெண்களுக்கு மட்டும் அவ்விடுதலை வந்துசேரவில்லை; அவர்கள் தம் ஆண்களிடமே உரிமைக்காகப் போராட வேண்டியிருக்கிறது. கால் நூற்றாண்டுக்கு முன் தாம் எழுதிய விடுதலைக் கதையிடம் லெ குவின் கேட்ட கேள்வியாக இதைக் கருதலாம்.

தொடர் என்னும் வடிவத்தின் அறப்பயன் இதுவே. தனி நாவல் வெற்றியுடனோ வீழ்ச்சியுடனோ முடிந்துவிடலாம். தொடரில் வெற்றிக்கு மறுநாள் உண்டு. புனைந்த மக்களுக்குப் பேரப்பிள்ளைகள் உண்டு. எழுத்தாளருக்குத் தம் பழைய தீர்ப்பைத் திறந்துபார்க்கும் கட்டாயம் உண்டு. ‘டியூன்’ முதல் நாவலை மட்டும் பாடத்திட்டத்தில் வைத்து அறச்சிக்கலைப் பேசும் வகுப்புகள் இதைத் தவறவிடுகின்றன.

*

இஷியின் வரலாற்றுக்கும் பிற்காலப் பகுதி ஒன்று உண்டு. அவர் இறக்கும் தறுவாயில் குரோபர் நியூயார்க்கில் இருந்தார். உடலை அறுக்கக்கூடாது, அறிவியலை விட நண்பரே முதன்மையானவர் என்ற கருத்தில் கடிதம் எழுதினார். எனினும் உடற்கூறாய்வு நடந்தது, மூளை அகற்றப்பட்டது. 1917இல் அந்த மூளையை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தவரும் அதே குரோபர்தான். லியுபோவைப் படைத்தவர் அவருடைய மகள் என்பதை நினைவில் கொண்டால், நல்லெண்ணம் கொண்ட அறிஞரின் தோல்வி எவ்வளவு அருகிலிருந்த பொருள் என்பது விளங்கும்.

1990களின் இறுதியில் மூளையின் இருப்பிடம் உறுதியாயிற்று. 2000இல் அது, யானா மக்களோடு உறவுடைய ரெடிங் ரான்செரியா, பிட் ரிவர் பழங்குடியினரிடம் ஒப்படைக்கப்பட்டது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த குரோபர் மண்டபத்தின் பெயர் 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. மூளையையும் சாம்பலையும் ஒன்றுசேர்த்துப் பழங்குடியினர் அவரை அடக்கம் செய்தனர். அந்த இடம் எது என்பதை அவர்கள் வெளியிடவில்லை. பார்வையாளர்கள் இனி அவரைப் பார்க்க இயலாது.