கை கொடுத்த தமனி

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பாவுக்கு இதயத்தில் பைபாஸ் அறுவை நடந்தது. மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு நானும் உடன் சென்றிருந்தேன். காத்திருந்தபோது ஆங்கிலப் படிவம் ஒன்றைத் தந்தார்கள். கேள்விகளை நான் தமிழில் சொல்ல, அவர் விடை சொன்னார். இடக்கையில் வலி உண்டா என்பது ஒரு கேள்வி. “வலியெல்லாம் இல்லப்பா. கட்டைவிரல் பக்கம் மரத்துக் கிடக்கு. வாட்ச் கட்டினா வேற யாரோ கையில கட்டின மாதிரி இருக்கு” என்றார். மரத்துக் கிடப்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ‘வலி இல்லை’ என்று குறித்தேன். சிகிச்சையில் திருப்தியா என்பது அடுத்த கேள்வி. “உயிரோட இருக்கேனே, அப்புறம் என்ன?” என்றார். அதற்கு உச்ச மதிப்பெண் இட்டேன்.

மொழியியல் பயின்ற எனக்கு அவ்விரு குறிகளும் உறுத்திக்கொண்டே இருந்தன. இதயத்தைக் காக்கக் கையிலிருந்து குழாய் எடுக்கும் வழக்கம் எப்படி வந்தது, அந்தக் கையைப் பற்றி எப்போது கேட்கத் தொடங்கினார்கள் என்று தேடினேன். வரலாறு எதிர்பாராத திருப்பங்கள் கொண்டதாக இருந்தது.

1967இல் கிளீவ்லாந்து மருத்துவமனையில் ரெனே ஃபவலோரோ காலின் சஃபீனஸ் சிரையைக் கொண்டு செய்த அறுவைகளிலிருந்தே பைபாஸ் பரவலாயிற்று. சிரை எளிதில் கிடைக்கும். ஆனால் தமனியின் அழுத்தத்துக்குப் பழகியதன்று. பத்தாண்டுகளில் அத்தகைய ஒட்டுகளில் ஏறத்தாழப் பாதி அடைபட்டுவிடும் என்பது பின்னர் தெளிவாயிற்று. இதற்கு மாற்றாக 1970களின் தொடக்கத்தில் பாரிஸில் அலென் கார்பாந்தியே முன்கையின் ஆரைத் தமனியைப் பயன்படுத்தினார். இரண்டாண்டுகளுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒட்டுகள் அடைபட்டன. முறையைக் கைவிடுமாறு அவரே அறிவுறுத்தினார். கைவிட்டார்கள்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1980களின் இறுதியில், பழைய நோயாளிகள் சிலருக்கு மீண்டும் ஆஞ்சியோகிராம் செய்தபோது, அடைபட்டுவிட்டதாக நம்பப்பட்ட ஒட்டுகள் சில பதினைந்து ஆண்டுகள் கழித்தும் திறந்திருக்கக் கண்டார்கள். ஆகவே பழி தமனியின் மீதன்று, அதைக் கையாண்ட விதத்தின் மீது என்ற ஐயம் எழுந்தது. முன்பு தமனியைச் சுற்றுத்திசு நீக்கி உரித்தெடுத்து, உலோகக் கம்பியை உள்ளே செலுத்தி விரித்திருந்தார்கள். ஆரைத் தமனியின் சுவர் தசை மிகுந்தது. தொட்டாலே சுருங்கும் இயல்புடையது. கம்பி அதன் உட்சுவரைக் காயப்படுத்தியிருக்க வேண்டும். கிறிஸ்டோஃப் அகார் கார்பாந்தியேவுடனும் பிறருடனும் சேர்ந்து, தமனியை அதன் துணைச்சிரைகளோடும் சுற்றுத்திசுவோடும் எடுத்து, சுருக்கத்தைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். 1992இல் வெளிவந்த அவர்களின் கட்டுரையோடு அம்முறை உயிர் பெற்றது. ஆறு சோதனைகளின் 1036 நோயாளிகளைத் திரட்டி ஆராய்ந்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை, சிரையைவிட ஆரைத் தமனி ஒட்டு மேலானது என்று உறுதிப்படுத்தியது.

இவ்வளவு நேரமும் பேசப்பட்டது குழாய் திறந்திருக்கிறதா என்பது மட்டுமே என்பதைக் கவனியுங்கள். கைக்கு என்று இருந்தது ஒரே கேள்வி: எடுத்தபின் இரத்தம் போதுமா? அதற்கு எட்கர் ஆலன் 1929இல் வேறொரு நோய்க்காக வகுத்த எளிய சோதனையின் திருத்திய வடிவம் உதவிற்று. மணிக்கட்டில் இரு தமனிகளையும் அழுத்தி, அல்நார் தமனியை மட்டும் விடுவித்து, உள்ளங்கை சிவக்கிறதா என்று பார்ப்பார்கள். சிவந்தால் கை பிழைக்கும். ஆனால் பிழைத்த கை எப்படி உணர்கிறது என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளும் கீறலுக்கு அருகே தோலுணர்வு நரம்புகள் இரண்டு ஓடுகின்றன. அவை இழுபட்டாலோ நசுங்கினாலோ கட்டைவிரலின் புறப்பகுதியும் முன்கையும் மரத்துப்போகும், குறுகுறுக்கும். பலருக்கு இது மாதங்களில் தணியும், சிலருக்கு நிலைத்துவிடும். தமனியின் மறுபிறப்புக்குப் பிறகே நோயாளிகளிடம் இவற்றைக் கேட்டு எழுதும் ஆய்வுகள் பெருகின. அறுவை மருத்துவ ஆங்கிலம் இவ்வாறு குழாய் எடுப்பதை ‘அறுவடை’ என்கிறது. விளைச்சலைப் பேசும் சொல் நிலத்தைப் பேசாதிருப்பது வியப்பன்று.

உள்நோக்கிக் கருவி வந்தபின் மணிக்கட்டருகே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறலே போதும் என்றாயிற்று. தழும்பு சிறிது, நோயாளிகளின் மனநிறைவு மிகுதி என்று ஆய்வுகள் எழுதின. ஆயினும் அந்த நிறைவை மட்டும் நம்ப இயலாது என்பதற்குக் கால் சிரையின் கதை சான்று. அதையும் இதே கருவியால் எடுத்துவந்தார்கள். கால்புண் குறைந்தது, நோயாளிகள் மகிழ்ந்தார்கள். 2009இல் வந்த ஓர் ஆய்வு, அவ்வாறு எடுத்த சிரைகளே மிகுதியாக அடைபட்டதாகக் கூறி அனைவரையும் திடுக்கிட வைத்தது. 1150 பேரைக் கொண்ட சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனை 2019இல் வெளிவந்து, தேர்ந்த கைகள் எடுத்தால் இதய விளைவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்று சொல்லும் வரை அந்த அச்சம் நீடித்தது. தழும்பைக் காண்பவர் நோயாளி. குழாயின் உட்சுவரை அவர் காண்பதில்லை.

ஆகவே திருப்தி என்ற ஒற்றைக் கட்டத்தின்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. பெரியப்பாவின் திருப்தி உயிரைப் பற்றியது, கையைப் பற்றியதன்று. தமிழில் மரத்தல், குறுகுறுப்பு, விறுவிறுப்பு, எரிச்சல், சுருக்கென்று குத்தல் எல்லாம் தனித்தனி. ‘மரத்தல்’ என்னும்போது நம் செவியில் மரமும் ஒலிக்கிறது. அவர் சொன்ன ‘வேற யாரோ கை’ அதற்கு மிக அருகில் இருக்கிறது. இவற்றை ‘வலி உண்டா’ என்று தொகுத்துவிட்டால், இல்லை என்ற விடையே வரும். அது ஆய்வுக்குள்ளும் அப்படியே போகும்.

அறுவைக்குப் பிந்தைய வினாப்படிவங்களைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டவர்கள் இங்கு இருந்தால் எழுதுங்கள். உணர்விழப்பைக் கேட்க நீங்கள் எந்தச் சொல்லைத் தேர்ந்தீர்கள், வட்டாரத்துக்கு வட்டாரம் அது மாறியதா என்று அறிய விரும்புகிறேன். பெரியப்பா இப்போது வாட்சை வலக்கையில் கட்டுகிறார்.