மண்கும்பானின் குடித்தொகை

வேலணைத் தீவில் அல்லைப்பிட்டியை அடுத்துள்ள மணற்பாங்கான சிற்றூர் மண்கும்பான். யாழ்ப்பாண மாவட்டத்தில் தீவகம் தெற்கு எனப்படும் வேலணைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. உள்ளூராட்சி வேலணைப் பிரதேச சபையிடம். ஊர்மட்டத்தில் அரசின் கை கிராம அலுவலர். பழைய தலைமைக்காரர் முறை 1963இல் ஒழிந்தும், நம்மவர் வாயில் அவர் இன்னும் 'விதானையார்'தான்.

குடித்தொகையே சிக்கலானது. 1981க்குப் பின் வடக்கு முழுவதும் கணக்கெடுக்கப்பட்டது 2012இல்தான். ஊர் கலைந்ததும் அந்த இடைவெளியில்தான். 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஆகிய ஊர்களில் பிடிக்கப்பட்ட பலர் காணாமற்போயினர். அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினர். அவர்களிற் பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினர். வசிப்போரை மட்டும் எண்ணும் கணக்கில் இவ்விரு சாராருமே இல்லை. இடம்பெயர்ந்தோர் சொந்த ஊரில் வாக்காளராகப் பதிய 2013இல் சிறப்புச் சட்டம் வந்தது, அதுவும் தற்காலிகமாக.

இதை வெறும் ஏட்டுக் கணக்கென்று நாம் ஒதுக்குவதற்கில்லை. வாக்காளர் பதிவு சுருங்கியதால், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் இருந்த 9 பாராளுமன்ற ஆசனங்கள் 2024இல் 6 ஆயின.